சைக்கிள் கேரியர் பை: கழற்ற வராததும் தானாகக் கழன்று விழுவதும்

பெங்களூருவில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் பையை ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. டெக் பார்க் வாசலில் செக்யூரிட்டியின் 'பேக் ஓபன் மாடி சார்' (கன்னடத்தில் 'பையைத் திறங்க சார்'), பிறகு பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட், சாயங்காலம் காய்கறிக் கடையில் ஒரு நிறுத்தம், கடைசியில் வீட்டு மாடிப்படி. முதுகில் மாட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அதனால்தான் கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பையைத் தேடுகிறார்கள். கடைக்காரர் பாஷையில் அது பேனியர்.

வாங்கிய பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் பையின் துணியைப் பற்றியவை அல்ல. பையும் கேரியரும் சேர்கிற இடத்தில்தான் கோளாறு. ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேரியர் கம்பியை அளந்துவிடுங்கள். வெர்னியர் எல்லாம் வேண்டாம். பை தொங்கும் மேல் கம்பியைச் சுற்றி ஒரு தையல் நூலை ஒரே சுற்று சுற்றி, நூல் சந்திக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். விரித்து ஸ்கேலில் வைத்தால் 25 மி.மீ. வருகிறதா, கம்பி 8 மி.மீ. தடிமன். 31 வந்தால் 10. 38 என்றால் 12. 50 என்றால் 16. நல்ல பைகளின் கொக்கிகள் அதிகபட்சம் 16 மி.மீ. கம்பி வரை பிடிக்கும். அதைவிட மெலிந்த கம்பிக்குக் கொக்கிக்குள் செருக சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் பையோடு வரும். பெட்டியைப் பிரித்ததும் பலரும் குப்பையில் போடுவது அந்தத் துண்டுகளைத்தான்.

கழற்ற ஒரு கை போதவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருக்கிறது

மூன்று விதமான பைகள் கடையில் கிடைக்கின்றன. முதலாவது கழுதை முதுகுப் பொதி போல இரண்டு பக்கமும் தொங்கும் ஜோடிப் பை. நடுவில் வெல்க்ரோ பட்டைகளால் கேரியரோடு கட்டுவது. இது மாட்டிவிட்டு மறந்துவிடுவதற்கான பை. தினமும் கழற்றினால் வெல்க்ரோவில் மண்ணும் நூலும் ஏறி, நாளாக ஆகப் பிடி தளரும். இதை எளிதில் கழற்றக்கூடியதாக மாற்ற வழியே இல்லை. இருப்பதை ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையில் மேலே இரண்டு கொக்கி, கீழே எலாஸ்டிக் கயிற்றின் நுனியில் ஒரு வளைகம்பி. கயிற்றை இழுத்து, கேரியர் காலின் அடியில் மாட்ட வேண்டும். விலை குறைவு, வேலையும் செய்யும். குனிவதுதான் பாடு, மழையில் சேறு படிந்த கம்பியைத் தடவித் தேட வேண்டும்.

மூன்றாவது வகையில் கைப்பிடியைத் தூக்கினாலே மேல் கொக்கிகளின் பூட்டு திறந்துகொள்ளும், விட்டால் மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆர்ட்லீப் போன்றவர்கள் இதற்குப் பேர்போனவர்கள், ஆனால் இப்போது மற்றவர்களும் இதே முறையில் செய்கிறார்கள். தினசரிக்கு வாங்குவதென்றால் இது ஒன்றுதான் சரி. கடையில் வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. 5 கிலோ அளவுக்கு எதையாவது உள்ளே போட்டு, இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பையைப் பார்க்காமல் வலது கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். குனிந்து பார்க்கத் தோன்றினால் அந்தப் பை வேண்டாம்.

மூன்றாவது வகை கையில் இருந்தும் கழற்ற மக்கர் செய்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள். கைப்பிடியை நடுவில் பிடித்து நேர் மேலே தூக்குகிறீர்களா? ஒரு ஓரமாக இழுத்தால் ஒரு கொக்கி திறக்கும், மற்றது திறக்காது. பையை வாய்வரை அடைத்து, சுருட்டிய மேல்பகுதி கைப்பிடிப் பட்டையை அழுத்துகிறதா? இரண்டு சாமானை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் பட்டை தொளதொளவென்று இருக்கிறதா? பூட்டு பாதிதான் திறக்கும். பட்டையை ஒரு விரல் அகலம் குறுக்குங்கள். இவை எதுவும் இல்லையென்றால் பூட்டின் ஸ்பிரிங்குக்குள் மண். பழைய டூத்பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். எண்ணெய் விடாதீர்கள், மெட்ரோ வேலை நடக்கும் சாலையின் தூசி அதில் அப்பி ஒரே வாரத்தில் மாவாகிவிடும்.

ஸ்பீடு பிரேக்கரில் தடதடக்கிறது. பள்ளத்தில் எகிறி விழுகிறது

தடதடப்புக்குக் காரணம் மேல் கொக்கி, எகிறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பையின் முதுகில் அடிப்பக்கம் இருக்கும் கீழ்க் கொக்கி. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

10 மி.மீ. கம்பியில் 16 மி.மீ. வாய் உள்ள கொக்கி தொங்கினால், ஒவ்வொரு குலுக்கலிலும் 6 மி.மீ. எழும்பி அடிக்கும். சரியான துண்டைச் செருகினால் சத்தம் அடங்கும். துண்டு தொலைந்துவிட்டதா? பழைய சைக்கிள் டியூபில் ஒரு அங்குல அகலத்துக்குத் துண்டு வெட்டி, கொக்கி உட்காரும் இடத்தில் கம்பியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாதாரண டியூபின் கனம் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு சுற்றுக்குக் கம்பியின் தடிமன் 2 மி.மீ. போலக் கூடும். 8 மி.மீ. கம்பி 10 ஆகிவிடும், 10 என்பது 12. கேரியரின் பெயின்ட் உரிவதும் நிற்கும்.

மேல் கொக்கிகள் இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்பக்கப் பலகையில் அவை ஓடும் தண்டவாளத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி இரண்டையும் விலக்குங்கள். ஏதேனும் ஒரு கொக்கி கேரியரின் குறுக்குக் கம்பி ஒன்றை ஒட்டி நிற்கும்படி வைத்தால், பிரேக் பிடிக்கும்போது பை முன்னால் வழுக்கி வராது.

இனி கீழ்க் கொக்கி. இது பையைத் தாங்குவதில்லை. பையின் அடிப்பகுதி வெளியே வீசாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. கேரியரின் கால் கம்பிக்குப் பின்னால் அது போய் உட்கார வேண்டும். பையை மாட்டியபின் அடியைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்துப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் வந்தால் கொக்கி காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவைத் தளர்த்தி, காலைத் தொடும்வரை திருப்பி, மறுபடி இறுக்குங்கள். வெளிவட்டச் சாலை சர்வீஸ் ரோட்டில் வெள்ளைக்கோடு இல்லாத ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் பை எகிறிப் பின்னால் வரும் ஸ்கூட்டருக்கு முன் விழுவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு ஸ்க்ரூவின் வேலை.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் கேரியர் தனி விவகாரம். அதில் பல கேரியர்களின் ஓரம் உருளைக் கம்பியாக இல்லாமல் தட்டைப் பட்டையாக இருக்கும், கொக்கி உட்காராது. கொக்கியின் வாயை அரத்தால் ராவிப் பெரிதாக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள்: பிளாஸ்டிக் அந்த இடத்தில்தான் வெடிக்கும். கேரியரை மாற்றுவது மலிவு.

மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறது

பெடல் முழுக்கப் பின்னால் இருக்கும்படி கிராங்கை (பெடலைத் தாங்கும் கையை) தரைக்கு இணையாக வைத்து, ஆபீசுக்குப் போடும் அதே ஷூவோடு காலை வையுங்கள். குதிகாலுக்கும் பைக்கும் இடையே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கொக்கிகள் இரண்டையும் தண்டவாளத்தில் முன்னோக்கித் தள்ளுங்கள்; கொக்கி முன்னால் போனால் பை பின்னால் போகும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு 'இன்னும் மோசமாகிவிட்டது' என்பார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் கீழ்க் கொக்கியைத் தளர்த்தி, பையின் முன் கீழ் மூலை பின்னோக்கிப் போகும்படி சாய்த்து மாட்டலாம்.

ரேஸ் சைக்கிள் மாதிரி பின்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக உள்ள சட்டங்களில் இதெல்லாம் செய்தும் இடிக்கலாம். கிராங்க் சுழலும் நடு அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை டேப் வைத்து அளந்து பாருங்கள், 42 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, ஷூ 9ஆம் நம்பருக்கு மேல் என்றால், கீழே குறுகி வரும் சிறிய பைதான் ஒத்துவரும். 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிளில் பக்கப் பையே வேண்டாம்: கேரியர் தாழ்வாக இருப்பதால் பையின் அடி நடைபாதை விளிம்பில் தட்டும். அதற்கு ஹேண்டில்பாரில் கிளிக் என்று மாட்டும் முன் பை மேல்.

பட்டை ஸ்போக்கில் சிக்கியது

இதில் சரிசெய்து பார்ப்பதற்கு எதுவும் இல்லை, உடனே நிறுத்த வேண்டியதுதான். பையைத் தோளில் மாட்டும் பட்டையை அதன் பின்னால் தொங்க விட்டிருப்பார்கள். அல்லது எலாஸ்டிக் கயிற்றின் வளைகம்பி கழன்றிருக்கும். கேரியரில் பையை மாட்டும்போதே அந்தப் பட்டையை அவிழ்த்து உள்ளே போடுங்கள். 5 செ.மீ.க்கு மேல் தொங்கும் எந்த நுனியையும் வெட்டி, மெழுகுவத்தி தீயில் காட்டி உருக்கி அடையுங்கள். துணி மட்டுமே உள்ள, முதுகில் பலகை இல்லாத பை என்றால் அது பாரத்தில் வளைந்து சக்கரத்துக்குள் போகும். அப்படிப்பட்ட பையைத் தவிர்ப்பதே சரி.

உள்ளே தண்ணீர்

ஏப்ரல், மே மாதச் சாயங்கால மழை அரை மணி நேரத்தில் விட்டுவிடும், எங்காவது ஒதுங்கலாம். செப்டம்பர், அக்டோபர் மழைக்கு ஒதுங்கினால் வீடு போய்ச் சேர முடியாது. ஆகவே பையின் சோதனை இந்த இரண்டு மாதங்களில்தான்.

முதலில் எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். பைக்குள் நான்கு பக்கமும் ஒட்டினாற்போல நியூஸ்பேப்பர் வைத்து, வழக்கம்போல மூடி, குளியலறையில் ஷவரின் கீழே 5 நிமிடம் நிறுத்துங்கள். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திறந்தால் பேப்பர் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மேலே ஈரமா, வாய் சரியாக மூடவில்லை. சுருட்டி மூடும் பையை மூன்று சுற்றாவது சுருட்ட வேண்டும். சாமான் அதிகமாகி ஒரே சுற்றோடு பக்கிள் போட்டால் அது மூடியதே ஆகாது. ஜிப் வைத்த பையில், ஜிப்பின் மேல் ரப்பர் பூச்சு இருந்தாலும், அது தூறலுக்குத்தான். முதுகுப் பக்கம் வட்டமான ஈரமா, கொக்கிகளைப் பிடிக்கும் ஸ்க்ரூ துளை கசிகிறது. ஸ்க்ரூவுக்கு அடியில் டியூப் ரப்பரில் வெட்டிய வாஷர் ஒன்று வைத்தால் நிற்கும். அடியில் நேர்கோட்டில் ஈரம் என்றால் அது தையல். ஒட்டுத் தையல் இல்லாமல் ஊசித் தையல் போட்ட பை நாளாக ஆகக் கசியத்தான் செய்யும். சின்னக் கிழிசலுக்கு ஷூ ஒட்டும் பாலியூரித்தேன் பசை போதும். பஞ்சர் சொல்யூஷன் தார்ப்பாய்த் துணியில் நிற்காது, உரிந்து வந்துவிடும்.

ஷவரில் ஒரு சொட்டு இறங்காத பை சாலையில் நனைந்தால்? சந்தேகப்பட வேண்டியது மட்கார்டை. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் கீழிருந்தும் உள்பக்கத்திலிருந்தும் வருகிறது. பையோடு இலவசமாகத் தரும் மழை உறை மேலேயிருந்து வருவதை மட்டும்தான் மறைக்கும். அதோடு அந்த உறையை மாட்டினால் கொக்கியும் மூடிப் போய், ஒரு கையால் கழற்றும் வசதியே போய்விடும். முழு நீள மட்கார்ட் போடுங்கள். தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது ஒரு கணக்கு: பெரிய சக்கர சைக்கிளில் பையின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் இருக்கும். தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டால் பையின் அடியையும் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி, பையைக் கழற்றித் தோளில் போடுங்கள்.

தண்ணீர் உள்ளே வராத பையில் உள்ளே இருப்பதும் வெளியே போகாது. சாம்பார் டப்பா சாய்ந்தால் அது அப்படியே அடியில் குளமாக நிற்கும், லேப்டாப் சார்ஜரும் அதில் குளிக்கும். டிபனுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம். நனைந்த ரெயின்கோட்டையும் உள்ளே சுருட்டி வைக்காதீர்கள். மேல்பட்டைக்கு அடியில் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறந்து கவிழ்த்து வைத்தால் பூஞ்சை நாற்றம் வராது.

லேப்டாப்பின் மூலை நசுங்கியது

பக்கப் பைகள் பலவும் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கும். 20 லிட்டர் பையின் வாய் 30 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் அடி 23 செ.மீ.தான் இருக்கலாம். 15.6 அங்குல லேப்டாப் சுமார் 36 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். நிமிர்த்தி வைத்தால் பாதி வழியில் இரண்டு மூலையும் மாட்டிக்கொண்டு அப்படியே தொங்கும். பள்ளம் வரும்போது முழு அடியும் அந்த மூலைகளுக்கு. வாங்கப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போவது உத்தமம். 14 அங்குலம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

உள்ளே இருக்கும் லேப்டாப் பாக்கெட் பையின் அடியைத் தொடாமல் 3 செ.மீ.யாவது மேலே நிற்க வேண்டும். தொடுகிறதென்றால் பழைய யோகா பாயில் இரண்டு துண்டு வெட்டி அடியில் போடுங்கள். லேப்டாப் சக்கரத்துப் பக்கம், பலகையை ஒட்டி; டிபனும் தண்ணீர் பாட்டிலும் வெளிப்பக்கம். பூட்டுச் சங்கிலியைப் பைக்குள் போடவே கூடாது, அது ஆடி ஆடித் திரையில் இடிக்கும்.

கழற்றிவிட்டேன், ஆனால் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை

எளிதில் கழலும் பையை விற்பவர்கள் பேசாத பகுதி இது. கொக்கிகள் பையோடுதான் வருகின்றன, தோளில் போட்டால் விலாவில் குத்துகின்றன, சேறும் சட்டையில் படுகிறது. கொக்கிப் பக்கத்தை உடம்புக்கு வெளியே திருப்பித் தூக்குவது உடனடித் தீர்வு; மெட்ரோவில் நெரிசலில் பக்கத்தில் நிற்பவருக்குக் குத்துமென்பதை மறக்க வேண்டாம். சில பைகளில் கொக்கிகளை மூடும் மடிப்புத் துணி உண்டு. இல்லாவிட்டால் பை தைப்பவரிடம் கொடுத்து ரெக்சினில் ஒரு மடிப்பு, இரண்டு பிரஸ் பட்டன் வைத்துத் தரச் சொல்லலாம். ஆர்ட்லீப்பின் கியூ.எல்.3 முறையில் பிடிமானம் கேரியரிலேயே இருந்துவிடும், பையின் முதுகு வழவழப்பாக இருக்கும். நடப்பதற்கு அதுதான் சுகம். ஆனால் அந்தப் பிடிமானம் இல்லாத வேறு சைக்கிளின் கேரியரில் அந்தப் பையை மாட்ட முடியாது.

பேக்பேக்காக மாறும் பைகளும் உண்டு. நிறுத்திய இடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடப்பவருக்கு அது சரி. லிஃப்ட் வரைக்கும்தான் என்றால் அந்தப் பட்டைகளின் எடையும் சிக்கலும் வீண்.

ஸ்டாண்டு போட்டால் சைக்கிள் சாய்கிறது

சைடு ஸ்டாண்டு இடப்பக்கம். பையும் இடப்பக்கம் என்றால் பாரம் ஸ்டாண்டின் காலைத் தாண்டி வெளியே போகிறது. வலப்பக்கம் மாட்டினால் சாய்வு குறைந்து, சின்ன மேட்டில்கூட மறுபக்கம் விழும். இரண்டு பக்கமும் சமமாக ஏற்ற ஒருவரிடமும் இரண்டு லேப்டாப் இருக்காது. பையைக் கழற்றிய பிறகு ஸ்டாண்டு போடுவதுதான் பழக வேண்டிய வரிசை.

ஓட்டும்போது 6 கிலோ வரை ஒரே பக்கம் இருந்தால் பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். சாலையில் இடப்பக்கம் மாட்டுவது நல்லது. நம்மைத் தாண்டிப் போகிற வண்டிகள் பெரும்பாலும் வலப்பக்கம் உரசிப் போகின்றன. சந்தில் நுழையும் முன் அகலம் தெரிந்திருக்கட்டும்: கேரியரின் நடுவிலிருந்து பையின் வெளி விளிம்பு சுமார் 24 செ.மீ. நேர் ஹேண்டில்பாரின் பாதி அகலம் 30 செ.மீ. போல, எனவே ஹேண்டில்பார் நுழையும் இடத்தில் பையும் நுழையும். வளைந்த ரேஸ் ஹேண்டில்பாரின் பாதி 21 செ.மீ.தான், அங்கே இந்தக் கணக்கு செல்லாது, பைதான் முதலில் தட்டும்.

பை நன்றாகத்தான் இருக்கிறது, கேரியரே ஆடுகிறது

கேரியரின் மேல் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும்; 25 கிலோ என்று இருந்தால் ஆபீஸ் பாரத்துக்குத் தாராளம். ஆடுவது போல்ட்டால். இவை பெரும்பாலும் எம்5 போல்ட்டுகள், 4 மி.மீ. ஆலன் கீ பிடிக்கும். நான்கையும் கழற்றி, மறையில் போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டாமல் கழலாது. நீளமான ஆலன் கீயால் முழு பலத்தையும் காட்டினால் அலுமினியச் சட்டத்தின் மறை போய்விடும். புதிதாக மாட்டிய முதல் வாரத்திலேயே ஒரு தடவையும், அதன்பின் மாதம் ஒருமுறையும் தொட்டுப் பாருங்கள்.

டிஸ்க் பிரேக் சைக்கிளில் கேரியரின் இடது கால் பிரேக் கேலிப்பரில் (டிஸ்கைக் கவ்வும் பாகத்தில்) முட்டலாம். காலை வளைக்காதீர்கள், 10 மி.மீ. ஸ்பேசரும் அதற்கேற்ற நீள போல்ட்டும் போட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் அகட்டிச் செய்த கேரியர் வாங்குங்கள். சட்டத்தில் போல்ட் துளையே இல்லையென்றால் ரப்பர் பூசிய கிளாம்ப் போட்டு மாட்டலாம். கார்பன் சட்டத்தில் மட்டும் அதைச் செய்யக் கூடாது, அழுத்தத்தில் விரிசல் விடும்.

சிக்னலில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ?

உங்களுக்கு ஒரு நொடியில் கழல்வது அடுத்தவருக்கும் ஒரு நொடியில்தான் கழலும். கடைக்குள் இரண்டு நிமிடம் போவதற்கும் பையை எடுத்துக்கொண்டே போங்கள். அதற்காகத்தானே இந்த வகைப் பையை வாங்கியது. ஓட்டும்போது கவலை என்றால், தோளில் மாட்டும் பட்டைக்கான வளையத்திலிருந்து கேரியருக்கு ஒரு சின்ன காராபினர் (ஸ்பிரிங் வாய் வைத்த கொக்கி வளையம்) போடலாம். கழற்றும்போது ஒரு விரல் வேலை கூடும். வாசலில் செக்யூரிட்டி காத்துக்கொண்டிருக்கையில் அந்தக் காராபினரை மறந்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தால் சைக்கிளும் சேர்ந்து எழும்பும், அவ்வளவுதான்.